உழவர் சந்தையில் முட்டைக்கும் கறிக்கும் ஓர் இடம்: தருமபுரி மாவட்ட ஆட்சியருக்குத் திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தருமபுரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி நகரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடித்தனம் நடத்திவரும் நான், வாரந்தோறும் உழவர் சந்தைக்குச் சென்று காய்கறி வாங்குகிறேன். தக்காளியை விளைவித்தவரே தராசைப் பிடித்து நிறுத்துக் கொடுக்கிறார். எந்த ஊர்த் தோட்டம், எப்போது பறித்தது, என்ன மருந்து அடித்தது என்று கேட்டால் முகத்துக்கு நேராகப் பதில் கிடைக்கிறது. ஆனால் அதே பையில் வீட்டுக்கு வர வேண்டிய முட்டையையும் கறியையும், யார் வீட்டில் எதைத் தின்று வளர்ந்தது என்று தெரிந்து வாங்குவதற்கு நகரில் எனக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் காலை, உழவர் சந்தை வளாகத்திலோ அதையொட்டியோ, கோழியும் ஆடும் வளர்க்கும் குடும்பங்கள் தாங்களே முட்டையும் இறைச்சியும் விற்க இடம் ஒதுக்கித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் ஆறு ஆண்டுகளாக முட்டை வாங்குவது பாலக்கோடு சாலையிலிருந்து உள்ளடங்கிய ஒரு சிற்றூரில் கோழி வளர்க்கும் ஓர் அக்காவிடம். அவரிடம் ஏறத்தாழ நாற்பது கோழிகள் உண்டு, பெரும்பாலும் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி வகை. பொழுது சாயும் வேளையில் ஒரு பழைய மண்பானைக்குள் காய்ந்த சாணியையும் கந்தல் சாக்கையும் வைத்து, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வைக்கிறார். மறுநாள் காலை பானையைத் தூக்கினால் உள்ளே கரையான் திரண்டிருக்கும். பஞ்சாரத்திலிருந்து திறந்துவிட்ட குஞ்சுகள் அதை மொய்த்துக்கொண்டு பொறுக்குவதை நானே நின்று பார்த்திருக்கிறேன். முட்டைகளைத் தவிட்டில் புதைத்து வைத்துத் தருவார். ஒவ்வொன்றின் அகன்ற முனையிலும் இட்ட தேதியைப் பென்சிலால் குறித்திருப்பார். அவற்றைக் கழுவித் தருவதில்லை. ஓட்டின் மேல் இயற்கையாக உள்ள மெல்லிய படலம் போய்விட்டால் முட்டை விரைவில் கெடும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

அவருக்கு இருக்கும் சிக்கல், முட்டையை நகரத்தில் நேரே விற்க வழியில்லாதது. நாட்டுக்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடைகாத்து, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிந்து, மறுபடியும் முட்டைக்கு வர மாதக்கணக்காகும். கூண்டில் வளரும் முட்டைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டை இடும்போது, இது 60 முதல் 80 வரைதான் இடும். ஒரு வாரம் எண்பது முட்டையும் அடுத்த வாரம் இருபது முட்டையும் வைத்திருப்பவரிடம் எந்தக் கடைக்காரரும் ஒப்பந்தம் பேச மாட்டார். ஆகவே ஊர் ஊராகச் சுற்றும் வியாபாரியிடம், அந்த வியாபாரி சொல்லும் விலைக்கே தள்ளிவிட வேண்டியிருக்கிறது. அந்த வியாபாரியின் கூடையில் பத்து வீட்டு முட்டைகள் ஒன்றாகக் கலந்த பிறகு, எது யார் வீட்டு முட்டை, எது என்றைக்கு இட்டது என்பதெல்லாம் மறைந்துபோகிறது.

அப்படிக் கலந்துபோவதன் விளைவை நானும் அனுபவித்தேன். அக்காவிடம் முட்டை இல்லாத ஒரு வாரம், நகரில் ஒரு கடையில் ‘நாட்டுக்கோழி முட்டை’ என்று எழுதி வைத்திருந்ததை இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கிவந்தேன். வேகவைக்கும் முன் தண்ணீரில் போட்டதும் பழுப்பு நிறம் கரைந்து இறங்கியது. துடைத்துப் பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு வெள்ளை ஓடு. புதிய முட்டை தண்ணீரின் அடியில் படுத்துக் கிடக்கும். நாளான முட்டை நிமிர்ந்து நிற்கும். வாங்கிய பத்தில் ஏழு நிமிர்ந்து நின்றன. கேட்டபோது, தமக்கு வந்ததைத்தான் விற்றதாகக் கடைக்காரர் சொன்னார். அவர் சொன்னதை நம்புகிறேன். கோழியைக் கண்ணால் பார்த்தவர் அந்த வரிசையில் ஒருவர்கூட இல்லை என்பதே என்னை வருத்தியது. கவர்ச்சியான உறையில் சுற்றி ‘இயற்கை’ என்று ஒட்டுவதற்கு அந்தச் சூழ்நிலையே வசதியாகிவிடுகிறது.

‘இயற்கை’ என்ற சொல்லைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன். மேயவிட்டு வளர்த்த கோழியெல்லாம் இயற்கைக் கோழி ஆகிவிடாது. பூச்சிமருந்து அடித்த மாந்தோப்பில் நாள் முழுவதும் கிளறித் தின்ற கோழியை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நம் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் மாந்தோப்புகள் எவ்வளவு என்பது தாங்கள் அறிந்ததே. தீவனம் எங்கிருந்து வந்தது, நோய் வந்தபோது என்ன மருந்து கொடுத்தார்கள், மருந்து கொடுத்த பிறகு எத்தனை நாள் முட்டையை விற்காமல் ஒதுக்கினார்கள் என்ற கேள்விகள் எல்லாம் இதில் அடங்கும். கோழி வேகமாக எடை போடுவதற்காகத் தீவனத்தில் கலக்கப்பட்ட கொலிஸ்டின் என்ற மருந்தை நடுவண் அரசு 2019 ஜூலையில்தான் தடை செய்தது. மனிதருக்கு வேறெந்த மருந்தும் கேட்காதபோது மருத்துவமனைகள் கடைசியாக நாடும் மருந்துகளுள் அதுவும் ஒன்று. நான் குறிப்பிட்ட அக்கா தம் முட்டையை ஒருநாளும் இயற்கை முட்டை என்று சொன்னதில்லை. “வெயில் காலத்துல மேய்ச்சல் பத்தாது, கடைத் தீவனமும் போடறேன். சொல்லிட்டுத்தான் விக்கறேன்” என்பார். சான்றிதழ் ஒட்டிய பல பொருள்களைவிட இந்த ஒரு பேச்சு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சட்டமும் இதற்கு இடம் வைத்தே இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு இயற்கை உணவு ஒழுங்குமுறைகள், சிறு உற்பத்தியாளரோ அவர்களின் கூட்டமைப்போ உண்பவரிடம் நேரடியாக விற்கும் பொருளுக்குச் சான்றிதழ் கட்டாயத்திலிருந்து விலக்கு அளிக்கின்றன. செலவு செய்து சான்றிதழ் வாங்க முடியாத குடும்பம், உண்மையாகவே இயற்கை முறையில் வளர்த்தால், அதைச் சொல்லி விற்க நேரடி விற்பனையே வழி. அதற்கான இடம் நகரில் இல்லாவிட்டால் இந்த விலக்கு ஏட்டளவில் நின்றுவிடும்.

கறியைப் பொறுத்தவரை நம் ஊர்களில் பழைய வழக்கம் ஒன்று இன்னும் அழியாமல் இருக்கிறது. பண்டிகைக்கு முன் பத்துப் பன்னிரண்டு வீடுகள் பேசிவைத்து, ஓர் ஆட்டை விலைக்கு வாங்கி, அறுத்துக் கூறு போட்டுக்கொள்வார்கள். 25 கிலோ ஆட்டில் 12 கிலோ அளவுக்குக் கறி தேறும். எலும்பும் ஈரலும் கொழுப்பும் எல்லாக் கூறிலும் சமமாக விழும். யாருடைய ஆடு, மேச்சேரிச் செம்மறியா சேலம் கருப்பு வெள்ளாடா, எந்தக் கரட்டில் மேய்ந்தது என்பது கூறு வாங்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அறுத்தது அன்று காலையே தீர்ந்துவிடுவதால் மிச்சத்தைப் பெட்டியில் வைத்து மறுநாள் விற்கும் பேச்சே இல்லை. நகரத்தார் முன்கூட்டியே பெயர் கொடுத்துப் பணம் கட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் தம் கூறை வாங்கிச் செல்லும்படி இவ்வழக்கத்தையே விரிவாக்கலாம். ஆனால் மரத்தடியில் அறுப்பது போதாது. அறுக்கும் முன் ஆட்டையும் அறுத்த பின் ஈரல், நுரையீரலையும் பார்க்கக் கால்நடை மருத்துவர் ஒருவரும், தண்ணீரும் வடிகாலும் உள்ள சிறிய அறுப்புக் கூடமும் கட்டாயம் வேண்டும். இதை மட்டும் அரைகுறையாகச் செய்வதானால் முட்டையோடு தொடங்கி, கறியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றே சொல்வேன்.

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது ஏற்பட்ட நடைமுறை நமக்கு முன்னால் இருக்கிறது. அலுவலர் நிலத்தை நேரில் பார்த்து, உழவருக்கு அடையாள அட்டை கொடுக்கிறார். அட்டை உள்ளவர்தான் கடை போட முடியும். அதே முறையில் கால்நடை பராமரிப்புத் துறையினர் கோழிகளையும் ஆடுகளையும் நேரில் பார்த்து அட்டை வழங்கட்டும். கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போட்ட நாள், கொடுத்த மருந்து, வாங்கிய தீவனம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி விற்கும் இடத்தில் வைக்கட்டும். முட்டையில் தேதியோடு அட்டை எண்ணையும் பென்சிலால் எழுதினால் போதும். அதற்கு எந்திரம் தேவையில்லை. எழுதப் படிக்கச் சிரமப்படும் பெண்களுக்குப் பயிற்சி அளிக்க ஓசூர் மத்திகிரியில் கோழியினக் கல்லூரியே இருக்கிறது. 1824இல் தொடங்கிய கால்நடைப் பண்ணை அமைந்த ஊர் அது.

நாமக்கல் முட்டைக்கு எதிராக இதைக் கேட்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் சத்துணவுத் தட்டில் முட்டை இருப்பது பெரிய பண்ணைகள் இருப்பதால்தான். அது தொடர வேண்டும். நாட்டுக்கோழி முட்டைக்கு நான் 15 ரூபாய் கொடுக்கிறேன். எல்லாரும் நாள்தோறும் கொடுக்கக்கூடிய விலை அல்ல அது. குழந்தைக்கும், பிள்ளை பெற்ற பெண்ணுக்கும், ராகிக் களிக்கு ஞாயிற்றுக்கிழமை வைக்கும் கோழிக் குழம்புக்கும் நல்லது வேண்டும் என்று கூடுதலாகக் கொடுக்க முன்வருபவரின் பணம் வளர்த்தவர் கைக்கே போய்ச் சேர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

கார்த்திகை, மார்கழியில் பல வீடுகளில் அசைவம் இல்லை என்பதால், தை மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குவது பொருத்தமாக இருக்கும். வழக்கமான பிப்ரவரி தடுப்பூசி முகாமின்போதே குறிப்பேட்டையும் எழுதத் தொடங்கிவிடலாம். அக்காவிடம் கேட்டேன். அந்த மாதம் வாரத்துக்கு அறுபது முட்டை கொண்டுவர முடியும் என்றார். அவருடைய ஊரிலிருந்து இன்னும் நான்கு வீட்டார் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் தெருவில் பதினொரு குடும்பங்கள் வாங்கிக்கொள்ளக் கையெழுத்திட்டுத் தந்திருக்கின்றன. அத்தாளைத் தங்கள் அலுவலக மனுநாளில் நேரில் வந்து தருகிறேன்.

இங்ஙனம்,
தருமபுரி நகரவாசி ஒருவர்