முதலில் குஞ்சுக்கு இடம், அப்புறம் ஜோடி

கொளத்தூர்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. தண்ணீரிலேயே வாழும் மெக்சிகோ பிராணியான ஆக்சலாட்டலை வாங்கிக் குஞ்சு எடுக்கப்போவதாக எழுதி, நீ அனுப்பிய படத்தை அம்மாவிடம் காட்டினேன். "இது என்னங்க, சிரிக்கிற பல்லியா?" என்கிறாள். என் கண்ணில் முதலில் பட்டது சிரிப்பில்லை, செவுள். இரண்டு பக்கமும் முன்னால் வளைந்து நிற்கிறது. வால் நுனியும் சுருண்டிருக்கிறது. தண்ணீர் ஒத்துக்கொள்ளாத ஆக்சலாட்டல் அப்படித்தான் நிற்கும். பாதி விலைக்குத் தந்தாலும் அது வேண்டாம்.

வளர்க்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். முப்பது வருஷமாக ஃபைட்டர் மீனும் கப்பி மீனும் பெருக்கி விற்றவன் அப்படிச் சொன்னால் நீயே சிரிப்பாய். இங்கே என்றால் தடுத்திருப்பேன். அதற்கு 16 முதல் 18 டிகிரி வேண்டும், 24ஐத் தாண்டினால் தாங்காது. நம் சிமெண்ட் தொட்டித் தண்ணீர் மே மாதத்தில் கையைச் சுடும். நீ இருக்கும் இங்கிலாந்து லீட்ஸ் குளிர் அதற்குச் சரி. கோடையில் மட்டும் தொட்டி மேல் ஒரு சின்ன ஃபேன் வை.

"ஒரே ஆளிடம் ஜோடியாகக் கிடைக்கிறது" என்று எழுதியிருக்கிறாய் பார், அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஒரே இடத்தில் ஒரே சைஸில் இரண்டு என்றால் பெரும்பாலும் அண்ணன் தங்கை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒருவரிடம் ஏஞ்சல் மீன் ஜோடி வாங்கினேன். வேறு வேறு தாய் என்று சத்தியம் செய்தார். குஞ்சுகள் ஒரு ரூபாய் காசு அளவு வந்ததும் பார்த்தால், பாதிக்கு முதுகு கோணல், செவுள் மூடி அரைகுறை. வியாபாரி ஒருத்தரும் தொடவில்லை. ஆக்சலாட்டலுக்கு இது இன்னும் மோசம். வளர்ப்பில் இருப்பவற்றில் பெரும்பகுதி, 1860களில் மெக்சிகோவிலிருந்து பாரிஸுக்குப் போன 34 உயிர்களின் வம்சம். அதில் துமேரில் என்ற விஞ்ஞானி கைக்கு வந்தவை ஆறு, பெண் ஒன்றே ஒன்று! பிற்பாடு புது ரத்தம் கொஞ்சம் சேர்ந்தாலும், எல்லாம் ஏற்கெனவே நெருங்கிய சொந்தம்தான்.

அதனால் ஆணை ஓரிடத்தில் வாங்கு, பெண்ணை வேறிடத்தில் வாங்கு. தாய் தகப்பன் படம் கேள், முட்டையிட்ட தேதி கேள். மழுப்பினால் கிளம்பி வந்துவிடு. மூன்று அங்குலக் குட்டியைக் காட்டி "இது கண்டிப்பாகப் பெண்" என்பவரை நம்பாதே. ஆணுக்குப் பின்கால் தாண்டி வால் தொடங்குமிடத்தில் அடியில் புடைத்திருக்கும். பெண்ணுக்கு அங்கே தட்டை, வயிறு உருண்டை. அது தெளிவாகத் தெரிய ஒரு வருஷம்கூட ஆகலாம். பெண்ணை ஒன்றரை வயதுக்கு முன் ஆணோடு விடாதே. முட்டையிட்டதும் பிரித்துவிடு, ஆறு மாதமாவது ஓய்வு கொடு.

ஜோடிக்கு முன்னால் குஞ்சுக்கு இடம் பார். ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் இடும், ஆயிரம்கூடப் போகும். குஞ்சு அசைகிற இரையைத்தான் தின்னும். கிடைக்காவிட்டால் பக்கத்துக் குஞ்சின் காலைக் கடிக்கும். கால் திரும்ப முளைக்கும்தான், அதற்காக விட்டுவிட முடியுமா? முப்பது முட்டையை வைத்துக்கொண்டு மீதியை முதல் நாளே ஃப்ரீசரில் வைத்து அழித்துவிடு. மனசு கேட்காது, தெரியும். எனக்கும் கேட்காது. ஐந்நூறு குஞ்சு பட்டினியில் கடித்துக்கொள்வதைப் பார்ப்பது அதைவிடக் கொடுமை. தொழிலாக விற்பதென்றால் அங்கே கவுன்சில் லைசென்ஸ் வேண்டும், அதையும் முன்கூட்டியே விசாரி.

"அழியப் போகிற இனத்தைக் காப்பாற்றுகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதன் சொந்த இடமான மெக்சிகோவின் சொச்சிமில்கோ ஏரியில் 1998ல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 இருந்தது, 2014ல் 36 ஆகிவிட்டது. அங்கே கெட்டது தண்ணீர். கெண்டையும் திலாப்பியாவும் விட்டுக் கெடுத்தார்கள். உன் தொட்டிக் குஞ்சு அங்கே போகப்போவதில்லை. ஆசைக்கு வளர்க்கிறேன் என்று சொல், போதும்.

குஞ்சுக்கு அசைகிற இரை ஆர்டீமியா, அதாவது உப்புத் தண்ணீரில் வாழும் பொடி இறால். அதன் முட்டையைப் பொரிக்கக் கருவி எதையும் விலை கொடுத்து வாங்காதே. இரண்டு லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக மாட்டு. மூடியில் துளை போட்டு ஏர் டியூப்பைச் செருகி, ஒழுகாமல் பசை வை. தண்ணீர் ஊற்றி, லிட்டருக்கு 25 கிராம் உப்பு, அயோடின் சேர்க்காதது, கலந்து முட்டையைப் போடு. ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தினால் முட்டை ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சுக் குஞ்சு அடியில் சேரும். வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடு.

அம்மா அனுப்பும் முறுக்குப் பார்சலில் என் நைலான் வடிகட்டியையும் வைத்திருக்கிறேன். டீ வடிகட்டி என்று நினைத்துச் சமையலறையில் மாட்டிவிடாதே.

அப்பா