கண் திறக்க அவசரம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தஞ்சாவூரில் இருபத்தாறு வருடமாகத் தஞ்சாவூர் ஓவியம் வரைந்தும் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். 'இரண்டே நாளில் கற்கலாம்' என்று இப்போது பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. ஆர்வத்தோடு வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் படம் அச்சடித்த பலகையைக் கொடுத்து, தங்க நிறத் தாளை ஒட்டவைத்து அனுப்புவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இதில் பாதி வேலை கோடு போடுவதற்கு முன்பே இருக்கிறது. பலகையில் துணி ஒட்டி, சாக்பவுடரும் பசையும் கலந்து பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். உள்ளங்கையால் தடவினால் வழுக்க வேண்டும். அப்புறம்தான் கோடு, கல் பதிப்பது, பசைக் கலவையால் மேடு எழுப்பும் மக்கு வேலை, அதன்மேல் ஒட்டும் மெல்லிய தங்கத் தகடான ரேக்கு எல்லாம். மக்கு சரியாகக் காயாமல் ரேக்கு ஒட்டினால் பின்னால் வெடிப்பு விடும். அதைப் பூசி மறைக்க முடியாது.

வண்ணம் முடிந்து, கடைசியில்தான் கண் திறப்போம். போன மாதம் ஒரு மாணவி வெண்ணெய்க் கிருஷ்ணனுக்குக் கண் எழுத உட்கார்ந்தாள். மெல்லிய தூரிகையை மூன்று முறை எடுத்தாள், மூன்று முறையும் கீழே வைத்துவிட்டாள். "கை நடுங்குது டீச்சர், நாளைக்கு எழுதுறேன்" என்றாள். சரி என்றேன். மறுநாள் காலையில் ஒரே மூச்சில் எழுதினாள். கிருஷ்ணன் எங்களைப் பார்த்தான்.

புவிசார் குறியீடு பெற்ற கலை இது. வகுப்பு நடத்துகிறவர்கள் பலகை தயாரிப்பதையாவது முதலில் சொல்லிக்கொடுங்கள். நாள் கூடினால் கூடட்டும்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியை,
தஞ்சாவூர்