நமது நகர் குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கும், நேரில் வந்திருக்கும் 34 உறுப்பினர்களுக்கும் வணக்கம். "கூட்டம் சிறக்க வாழ்த்துகள்" என்று வாட்ஸப்பில் போட்டுவிட்டு வீட்டிலேயே இருப்பவர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கோலப்போட்டி நடந்தன. சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டுக்கும் கொடியேற்றி மிட்டாய் வழங்கினோம். கொசு மருந்து இருமுறை அடிக்கப்பட்டது. மூன்றாவது தெரு சாக்கடைக்கு மனு கொடுத்தோம்; நிலுவையில் இருக்கிறது. செயற்குழு ஒன்பது முறை கூட்டப்பட்டது. அதில் நான்கு முறை கோரம் இல்லை.

அடுத்து, சங்கத்தின் இணையதளம். "இதுக்கு ஒரு நோட்டு போதாதா சார்?" என்று சென்ற பொதுக்குழுவில் ஒரு முன்னாள் நிர்வாகி கேட்டார். அன்று டிபன் ஆறிக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

சந்தாவை ஃபோனில் அனுப்பிவிட்டு ஸ்கிரீன்ஷாட்டைக் குழுவில் போடுவதுதான் நம் வழக்கம். குட்மார்னிங் ரோஜாக்களுக்கு நடுவே பொருளாளர் அதைத் தேடிப் பொறுக்கி எடுக்க வேண்டும். பழைய தளம் ஒன்று இருந்தது. ஜாவா மொழியில் தளம் கட்ட உதவும் ஸ்ட்ரட்ஸ் 2-இல் எழுதி, பிறகு யாரும் எட்டிப் பார்க்காதது. 2017-இல் அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரம் திருடு போனதே, அது அதே ஸ்ட்ரட்ஸின் அப்லோடு பகுதியில் இருந்த ஓட்டை வழியாகத்தான். கோப்பு எதுவும் அனுப்பத் தேவையில்லை. கோரிக்கையோடு வரும் கன்டென்ட்-டைப் என்ற தலைப்பு வரியில் (ஹெடர்) விஷமமாக ஒரு வரி எழுதினால் போதும், சர்வர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு ஓட்டிவிடும். திருத்தம் அந்த மார்ச் மாதமே வந்துவிட்டது, அவர்கள் போடவில்லை. நாமும் போட்டிருக்கவில்லை. எனவே அதைக் கழற்றிவிட்டு, ஆபீஸ் முடிந்த இரவுகளில், ஜாவாவிலேயே வேறொரு கருவியான ஸ்பிரிங் பூட்டில் புதிதாக எழுதினேன். உறுப்பினர் ரசீதைப் படமெடுத்து ஏற்ற வேண்டும். பொருளாளர் டிக் போடுவார். அவ்வளவுதான் வேலை என்று நானும் நினைத்தேன்.

முதல் வாரம் யாருடைய படமும் ஏறவில்லை. 413, அதாவது "அனுப்பியது மிகப் பெரிது" என்று ஒரு வெள்ளைப் பக்கம் வந்து நின்றது. ஸ்பிரிங் பூட்டில் ஒரு கோப்புக்கு 1 எம்பி, மொத்தக் கோரிக்கைக்கு 10 எம்பி என்பதுதான் நாம் எதுவும் சொல்லாவிட்டால் அதுவே வைத்துக்கொள்ளும் வரம்பு. இன்றைய ஃபோனில் ஒரு படமே 3, 4 எம்பி. இரண்டு வரம்பையும் 12 எம்பி ஆக்கினேன். அப்போதும் 413. தளம் எழுதி வைக்கும் பதிவான லாகைத் திறந்து பார்த்தால் ஒரு வரிகூட இல்லை. நம் கூட்டத்து வருகைப் பதிவேடு போலத்தான்: ஆளே உள்ளே வராவிட்டால் பதிவு எங்கிருந்து வரும்? ஜாவாவுக்கு முன்னால் வாசலில் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரும் தன் பங்குக்கு 1 எம்பி வரம்பு வைத்திருந்தது. இரண்டு கேட், இரண்டு வாட்ச்மேன். உள் கேட்டில் மட்டும் சொல்லி வைத்து என்ன பயன்?

அடுத்தது ஜூலையில். இரண்டாவது தெரு பெரியவர் தன் பெயரைத் தட்டினால் நான்காவது தெரு அம்மாவின் ரசீது வருகிறது. "நான் கட்டினது எங்கேப்பா போச்சு?" என்று வாசலில் வந்து நின்றுவிட்டார். இருவரும் ஐபோனில் தளத்திலிருந்தே கேமராவைத் திறந்து எடுத்திருக்கிறார்கள். அப்படி எடுக்கும் படத்துக்கெல்லாம் ஐபோன் வைக்கும் பெயர் ஒன்றே: இமேஜ்.ஜேபிஜி. நான் வந்த பெயரிலேயே சேமித்ததால் பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிட்டது. இது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். அனுப்புபவர் சொல்லும் பெயரை நம்பவே கூடாது. பெயரில் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் வைத்து வேறு ஃபோல்டருக்குள் நுழைகிற விஷமிகளும் உண்டு. இப்போது ஒவ்வொரு கோப்புக்கும் தளமே யூயுஐடி என்று ஒரு நீண்ட எண் கொடுக்கிறது. பெரியவரிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று.

அக்டோபரில் தளம் விழுந்ததற்கு மட்டும் நான் பொறுப்பேற்க முடியாது. வருகிற கோப்பை, ஸ்பிரிங் பூட்டுக்குள் ஓடும் டாம்கேட் என்ற வெப் சர்வர் முதலில் சர்வரின் தற்காலிக (டெம்ப்) ஃபோல்டருக்குள் ஓர் இடத்தில் இறக்கி வைக்கும். நம் புரோகிராம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தை உண்டாக்குவது தளம் கிளம்பும்போது ஒரே ஒரு முறை. நம் சர்வரின் லினக்ஸோ, 10 நாள் யாரும் தொடாத டெம்ப் சாமானைக் குப்பை என்று கூட்டித் தள்ளிவிடும். அந்த மாதம் 10 நாளுக்கு மேல் ஒருவர்கூட ரசீது ஏற்றவில்லை. ஃபோல்டர் போய்விட்டது. தீபாவளிக்கு முன் கட்டலாம் என்று வந்த முதல் உறுப்பினருக்கு எரர். இரவு பதினொன்றரைக்கு ரீஸ்டார்ட் செய்து, மறுநாள் அந்த இடத்தையே டெம்புக்கு வெளியே மாற்றினேன். இடையில் ஒருவர் சந்தா கட்டியிருந்தால் அந்த ஃபோல்டர் பிழைத்திருக்கும். அன்று குழுவில் என்னைக் கேள்வி கேட்டவர்களில் மூவர் இன்னும் கட்டவில்லை.

112 வீடுகளில் 67 வீடுகள் சந்தா செலுத்தியுள்ளன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வரவு எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. செலவு எதிர்பார்த்த அளவைத் தாண்டவில்லை. சர்வர் வாடகை "இதர செலவுகள்" தலைப்பில் இருக்கிறது. நான்கு மாத வாடகை என் கையிலிருந்து போனது. அதை நான் கேட்கவில்லை.

இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், நாற்காலி தந்தவருக்கும், காவலாளிகளுக்கும், பொறுமை காத்த என் இல்லத்தாருக்கும் நன்றி.

வரும் ஆண்டு இப்பொறுப்பில் தொடர்வது பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. பாஸ்வேர்டுகளை எழுதி ஒட்டிய உறை பொருளாளரிடம் இருக்கிறது. நம் நகரில் ஜாவா தெரிந்த பிள்ளைகள் குறைந்தது ஆறு பேர் இருப்பதாகக் கேள்வி. ஒருவர் வந்தால் கூட உட்கார்ந்து சொல்லித் தருவேன். மேடைக்கு இடப்புறம் என் லேப்டாப் திறந்தே இருக்கிறது. பாக்கி உள்ளவர்கள் டிபனுக்கு முன் ரசீதை ஏற்றிவிட்டுப் போகலாம். 12 எம்பி வரை தாராளமாக ஏறும்.

இப்படிக்கு,
செயலாளர்