டிரென்டனுக்குப் போகும் மகளுக்கு

மதுரை

அன்பு மகளுக்கு,

டிரென்டனில் இருக்கும் நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதியிடம், தீர்ப்பு வரைவில் உதவும் லா கிளார்க்காக ஓராண்டு சேரப் போகிறாய் என்ற செய்தியைச் சொல்லும்போதே, "மாநிலக் கோர்ட்தான் அப்பா, வாஷிங்டன் இல்லை" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாய். உன் அம்மா அதைக் கவனிக்கவில்லை. அதற்குள் அக்கம்பக்கத்தில் சொல்லக் கிளம்பிவிட்டாள். எனக்கு மட்டும் அந்தத் "தான்" மூன்று நாளாக மனத்தை விட்டு அகலவில்லை.

இந்த எண்ணம் உனக்கு வந்ததில் எனக்கும் பங்கு உண்டு. மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் வக்கீலாக இருந்த காலத்து வழக்குகளை உனக்குக் கதையாகச் சொன்னபோதெல்லாம், கீழ்க் கோர்ட், அதற்கு மேல் உயர் நீதிமன்றம், அதற்கும் மேல் டெல்லி என்று ஒரே ஏணியைத்தான் காட்டினேன். இங்கே தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு என்ன பொருள் என்ற வழக்கைக்கூட, நம் அரசமைப்புச் சட்டத்தின் 136-ஆம் பிரிவின் கீழ்ச் சிறப்பு அனுமதி பெற்று டெல்லி வரை கொண்டுபோகலாம். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே 94 மாவட்ட நீதிமன்றங்கள், 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், உச்சியில் வாஷிங்டனில் இருக்கும் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் என்று கூட்டாட்சிக்கு ஓர் ஏணி இருக்க, ஐம்பது மாநிலங்களும் தத்தம் அரசமைப்புச் சட்டத்தின் மேல் தனித்தனி ஏணி நிறுத்தியிருக்கின்றன. மாநில ஏணியின் உச்சியில் இருப்பவர் வாஷிங்டனுக்குக் கீழ்ப்படியில் நிற்பவர் அல்லர். கூட்டாட்சிச் சட்டத்தைத் தொடும் கேள்வி எழும்போது மட்டுமே அவருடைய தீர்ப்பை வாஷிங்டன் கையில் எடுக்க முடியும்.

இந்த எல்லையை இரண்டு நில வழக்குகள் வகுத்தன. வர்ஜீனியா நிலம் ஒன்றைப் பற்றிய வழக்கில், கூட்டாட்சிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதில் மாநில நீதிமன்றங்களும் எங்களுக்குக் கட்டுப்பட்டவையே என்று 1816-இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் சொன்னது. மெம்ஃபிஸ் நகர நிலத்தைப் பற்றிய 1875-ஆம் ஆண்டு வழக்கிலோ, மாநிலச் சட்டத்தின் பொருள் என்ன என்பது மாநில நீதிமன்றத்தின் முடிவுக்கே உரியது, அதில் நாங்கள் கைவைப்பதில்லை என்று அதே நீதிமன்றம் தன்னைத்தானே கட்டிக்கொண்டது. சட்டக் கல்லூரியில் இவ்விரண்டையும் நீ படித்திருப்பாய். தேர்வுக்குப் படித்ததை இப்போது வேலைக்காக மறுபடி படி.

வாஷிங்டனின் கதவு குறுகலானது என்பதும் உனக்குத் தெரிந்ததுதான். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்து சேரும் மனுக்களில், ஒன்பது பேரில் நான்கு பேராவது எடுக்கலாம் என்றால்தான் ஒன்று விசாரணைக்கு வரும். அப்படி வருபவை அறுபது, எழுபதுக்குள் அடங்கிவிடும். மனுவை எடுக்காமல் விடுவதற்கு, கீழே சொன்ன தீர்ப்பு சரி என்று பொருளும் இல்லை. ஆகவே அந்நாட்டில் சாதாரண மனிதனின் வாடகை, விவாகரத்து, விபத்து, குற்றம், உயில், பள்ளிக்கூடம் எல்லாம் பெரும்பாலும் மாநில நீதிமன்றங்களிலேயே முடிகின்றன.

ஒரு குப்பைப் பையை எடுத்துக்கொள். தெருவோரம் வைத்த குப்பையைப் போலீஸ் வாரண்ட் இல்லாமல் கிளறிப் பார்க்கலாம், அது அரசமைப்புச் சட்டத்தை மீறியதாகாது என்று கலிஃபோர்னியா வழக்கொன்றில் 1988-இல் வாஷிங்டன் தீர்ப்பளித்தது. கட்டி வைத்த பையைத் திறந்து பார்க்க வாரண்ட் வேண்டும் என்று 1990-இல் உன் நீதிமன்றம், தன் மாநில அரசமைப்புச் சட்டத்தை வைத்துச் சொன்னது. வாஷிங்டன் வகுத்த உரிமைக்குக் கீழே எந்த மாநிலமும் இறங்கக் கூடாது. மேலே போகத் தடையில்லை. அந்தக் கீழெல்லை கட்டாயம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாநில உரிமை என்ற பெயரைச் சொல்லித்தான் கறுப்பின மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக அநீதி இழைத்தார்கள்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை திறப்பதற்கு முந்தைய ஆண்டு, 2003-இல், அம்மாவின் நர்ஸ் வேலையை நம்பி நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டிக்கு வந்தோம். அடுத்த ஆண்டு நான்கு வயதான உன் தம்பியை முழுநாள் பள்ளியில் சேர்த்தோம். கட்டணம் எவ்வளவு என்று நான் பையில் பணத்தை வைத்துக்கொண்டு கேட்க, ஒரு காசும் இல்லை என்றார் அலுவலகத்தில் இருந்த அம்மையார். வேறு ஊரில் இருந்த நம் உறவினர் அதே வயதுப் பிள்ளைக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தார். நமக்கு மட்டும் ஏன் இலவசம் என்று நான் அன்று யாரிடமும் கேட்கவில்லை. வக்கீலாக இருந்தவன் கேட்டிருக்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு விடை 1973 மார்ச் 21-இல் தொடங்குகிறது. சொத்து வரியை நம்பிப் பள்ளி நடத்துவதால் ஏழை ஊர்ப் பிள்ளைகள் வஞ்சிக்கப்படுகிறார்கள் என்று டெக்சஸின் சான் அன்டோனியோ பெற்றோர் தொடுத்த வழக்கை, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வாஷிங்டன் தள்ளிவிட்டது. கல்வி, கூட்டாட்சி அரசமைப்பு காக்கும் அடிப்படை உரிமை அல்ல என்றது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி தர்குட் மார்ஷல், மாநில அரசமைப்புகளின்படி இந்தக் கேள்வியை எழுப்ப இந்தத் தீர்ப்பு தடையாகாது என்று ஓர் அடிக்குறிப்பு வைத்து, ஜெர்சி சிட்டி மாணவன் ஒருவன் பெயரில் நடந்துகொண்டிருந்த ராபின்சன் வழக்கையும் அதில் சுட்டினார். பதின்மூன்றே நாளில், ஏப்ரல் 3 அன்று, நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் ஏழை ஊர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. 5 முதல் 18 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுமையான, திறம்பட்ட இலவசப் பள்ளி முறை வேண்டும் என்று 1875 முதல் அம்மாநில அரசமைப்பில் இருக்கும் வாசகமே அதற்கு ஆதாரம்.

சட்டமன்றம் பணம் ஒதுக்காமல் இழுத்தடித்தபோது, 1976 ஜூலையில் நீதிமன்றம் பள்ளிச் செலவையே நிறுத்தி உத்தரவிட, பள்ளிகளுக்குப் பணம் தேட மாநிலத்துக்கு வருமான வரி வந்தது. பிறகு 1981-இல் தொடங்கிய, பள்ளி நிதி பற்றிய ஆபட் வழக்கிலும் ஜெர்சி சிட்டிப் பிள்ளைகள் இருந்தார்கள். அதன் 1998-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, ஏழை ஊர்களில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கும் பள்ளி வேண்டும் என்றது. உன் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு பனியில் நான் தினமும் நடந்தது அந்தத் தீர்ப்பின் பேரில்தான். அதை எழுதிய நீதிமன்றத்துக்குத்தான் நீ போகிறாய்.

வேலையில் ஒன்றை மறக்காதே. 1983-இல் மிச்சிகன் வழக்கொன்றில், மாநில நீதிமன்றம் தன் தீர்ப்பு மாநிலச் சட்டத்தையே தனி ஆதாரமாகக் கொண்டது என்று தெளிவாகச் சொல்லாமல் கூட்டாட்சிச் சட்டத்தோடு பின்னி எழுதினால், அதை நாங்கள் பரிசீலிக்கலாம் என்றது வாஷிங்டன். ஆகவே நீ எழுதித் தரும் வரைவில் ஒரே ஒரு வாக்கியம் விட்டுப்போனாலும், டிரென்டனில் முடிய வேண்டிய வழக்கு அங்கே முடியாமல் போகலாம்.

உன் நீதிமன்றத்தின் ஏழு பேரையும் ஆளுநர் நியமிக்க, மாநில செனட் ஒப்புதல் தருகிறது. முதலில் ஏழாண்டு, மறுநியமனம் பெற்றால் எழுபது வயது வரை பதவி. விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் நீதிபதிகள் ஓட்டுக் கேட்டு வருகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கலிஃபோர்னியாவில் மரண தண்டனைகளை ரத்து செய்த தீர்ப்புகளுக்காகத் தலைமை நீதிபதி ரோஸ் பேர்டை 1986-இல் மக்கள் ஓட்டுப் போட்டு இறக்கினார்கள்; அடுத்த நீதிபதி பேனாவை எடுக்கும்போது அது நினைவில் வராமலா இருக்கும்?

வாஷிங்டனில் முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் அமர்ந்திருந்த நீதிபதி வில்லியம் பிரென்னன், 1956-க்கு முன் உன் நீதிமன்றத்தில்தான் இருந்தார். வாஷிங்டனுக்குப் போன பிறகும், மாநில அரசமைப்புகளை மறந்துவிடாதீர்கள் என்று 1977-இல் கட்டுரை எழுதி மாநில நீதிபதிகளைக் கேட்டுக்கொண்டவர் அவர்.

நீ எந்த வழக்கில் வேலை செய்கிறாய் என்று என்னிடம் சொல்லாதே. தீர்ப்பு வெளிவந்த பிறகும் சொல்லாதே. நான் கேட்கவும் மாட்டேன். டிரென்டனிலிருந்து வெளியாகும் ஒவ்வொரு தீர்ப்பையும் இந்த ஓராண்டும் அச்செடுத்து, என் பழைய மேசையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
உன் அப்பா