சென்சரை மாற்றமுதல் விரலை வைத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைப் பின்னுக்கு எடுக்கையில் தடை இருந்தால் கத்திக் காட்டுகிற, பின் பம்பரில் பூட்டுகிற சென்சர் வெறும் படங்காட்டல், கழுத்தைத் திருப்பப் பஞ்சிப்படுகிறவர்களுக்கு விற்கிற சாமான் என்று போன கிழமை வாசகர் ஒருவர் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். அரைவாசி சரி. மிச்ச அரைவாசிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருசம் விஞ்ஞானம் படிப்பித்த பழக்கம்.

என்னிடம் இருப்பது பழைய யப்பான் கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய இலங்கை அரசாங்கத்தார், சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பக் கதவைத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் கிடைத்த பழசைத்தான் ஒட்டியும் வெட்டியும் ஓடினோம். என்னுடைய காரில் இருந்த சென்சர் கொம்பனியில் இருந்து வந்ததல்ல. எனக்கு முதல் வைத்திருந்தவர் பம்பரைத் துளைத்து நாலு பூட்டியிருந்தார்.

போன மாரியில் ஒருநாள் மழையோடு ஒட்டுசுட்டானுக்குப் போய் வந்தேன். மறுநாள் விடிய ரிவேர்ஸ் போட்டதும், பின்னால் ஒரு கோழிகூட இல்லை, 'பீ' என்று ஒரே இழுவையாக அழத் தொடங்கிவிட்டது. பத்து மணிக்கு வெயில் ஏறினால் நல்ல பிள்ளை. அடுத்த மழைக்குத் திரும்பவும் அழுகை. மழைக்கு வந்து வெயிலுக்குப் போகிற வருத்தம் என்ன வருத்தம் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேணும். யோசிக்காமல் கராச்சுக்குக் கொண்டு போனேன். எந்தக் கராச் என்பது இங்கே வேண்டாம்.

அங்கிருந்தவர் ரிவேர்சைப் போட்டார், சத்தத்தைக் கேட்டார். "நாலும் பழுதாப் போட்டுது ரீச்சர், செற்றாத்தான் மாத்தோணும்" என்றார். பம்பரடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. சாமானுக்கு 18,000 ரூபா, கூலி வேறு. பழசு நாலையும் ஒரு பையில் போட்டுத் தரச் சொன்னேன். "அது என்னத்துக்கு ரீச்சர்?" என்று சிரித்துக்கொண்டே தந்தார்.

பன்னிரண்டாம் நாள் மழை. அதே அழுகை. போதாக்குறைக்கு, இப்போது நல்ல வெயிலிலும் எங்கள் படலையடி ஏற்றத்தில் காரைப் பின்னுக்கு எடுத்தால் விட்டுவிட்டுக் கத்துகிறது. காசு கொடுத்து வாங்கின புதுக் குணம்.

என்னிடம் தரம் 10இல் படித்த பொடியன் ஒருவன் இப்போது உழவு இயந்திரங்களுக்கும் வாகனங்களுக்கும் வயரிங் செய்கிறான். ஞாயிறு பின்னேரம் வந்தான். சில்லுக்குக் கல் வைத்து, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, இஞ்சினை இயக்காமல் திறப்பை மட்டும் போட்டு, கியரை ரிவேர்சில் விட்டான். பிறகு பின்னால் போய்க் குந்தி ஒவ்வொரு சென்சரிலும் விரலை வைத்தான். "ரீச்சர், இங்க வாங்கோ. வௌவால் பாடம் நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்?"

நானும் குந்தினேன். ஒரு ரூபாக் குற்றியளவு கறுப்பு முகம். விரல் நுனியில், ஓடுகிற கைக்கடிகாரத்தைத் தொட்டதுபோல ஒரு மெல்லிய துடிப்பு. காதைக் கிட்டக் கொண்டுபோனால் டிக் டிக் டிக் என்று கேட்கிறது. மூன்று துடித்தன. இடது மூலையில் இருந்தது செத்த மாதிரிக் கிடந்தது.

இந்தச் சாமான் வேலை செய்கிற விதம் எங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிற கழியொலிதான். மனிதக் காது 20 கிலோஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும். சென்சர் ஏறத்தாழ 40 கிலோஹேர்ட்சில் வௌவால்போலக் கூவிவிட்டு, தன் கூவலின் எதிரொலிக்குத் தானே காது கொடுக்கிறது. கூவல் நமக்குக் கேளாது, அது விட்டுவிட்டுக் கூவுகிற துடிப்புத்தான் டிக் டிக் என்று கேட்கிறது. ஒரு மீற்றர் தள்ளி மதில் இருந்தால் ஒலி போய்வர இரண்டு மீற்றர், செக்கனுக்கு 340 மீற்றர் கணக்கில் ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஆறு பங்கு. டிக்கிக்குள் இருக்கிற சின்னப் பெட்டி அதை எண்ணித்தான் நமக்குக் கத்திக் காட்டுகிறது. அந்தக் கறுப்பு முகம் அதிராவிட்டால் கூவலும் இல்லை, எதிரொலியைக் கேட்பதும் இல்லை. கோடையில் கிரவல் புழுதியும் மாரியில் செம்மண் சேறும் அதன்மேல் சீமெந்துபோல இறுகிவிடுகிற எங்கள் பக்கத்தில், முதல் வைத்தியம் சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய துணியும்தான். போய்விட்டதென்று கழற்றி எறியப்பட்ட எத்தனையோ சென்சர் வெறும் சேற்றுக் குருடாக இருந்திருக்கும்.

என்னுடையது சேறு இல்லை. பொடியன் பம்பரின் மூலையைத் தளர்த்தி, இடது மூலைச் சென்சரின் பிளக்கைக் கழற்றிப் பக்கத்துச் சென்சரின் வயரில் கொழுவினான். பக்கத்தில் இருந்ததை மூலை வயருக்கு மாற்றினான். திரும்ப விரலை வைத்தோம். செத்ததென்று நினைத்தது துடிக்கிறது! துடித்துக்கொண்டிருந்தது அடங்கிப் போயிற்று. இதைவிடத் தெளிவான பரிசோதனையை நான் ஆய்வுகூடத்தில்கூடச் செய்து காட்டியதில்லை. பிழை சென்சரோடு கூடப் போயிருந்தால் சென்சர் பழுது. பிழை பழைய இடத்திலேயே நின்றால் வயர், அல்லது பெட்டி. டிக்கிக்குள் பெட்டியில் கொழுவியிருக்கிற முனைகளையும் இதேபோல மாற்றிப் பார்த்தான், பெட்டியில் குற்றமில்லை.

மூலை வயரின் பொருத்து பம்பரின் அடியில், சில்லு சேறு அடிக்கிற இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பிரித்ததும் செம்மண் உதிர்ந்தது. உள்ளே செப்பு ஊசிகளில் பச்சைக் களிம்பு. ஈரம் ஏறினால் பிழைவிடும், காய்ந்தால் சுகம். கராச்சில் சென்சர் நாலையும் மாற்றியவர்கள் இந்தப் பொருத்தை மட்டும் பழையபடியே விட்டுவைத்திருந்தார்கள். பொடியன் அதை வெட்டி எறிந்து, வயரை ஈயம் வைத்து ஒட்டி, சூடுகாட்டினால் சுருங்குகிற குழாயை ஏற்றி, சேறு படாமல் மேலே தூக்கிக் கட்டினான். சாமான் செலவு ஐந்நூறு ரூபாவுக்குள். கூலி வாங்கமாட்டேன் என்றுவிட்டான்.

படலையடி அழுகைக்கும் காரணம் பிடிபட்டது. சென்சரின் முதுகில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டிருக்கும். புதிதாகப் பூட்டியதில் ஒன்றுக்கு அம்பு நிலத்தைப் பார்த்தபடி இருந்தது. அது ஏற்றத்தில் மண்ணைக் கண்டு கத்தியிருக்கிறது. திருப்பிப் பூட்ட அடங்கியது. பையில் வாங்கி வைத்திருந்த பழசு நாலையும் ஒவ்வொன்றாக நல்ல வயரில் கொழுவிப் பார்த்தோம். நாலும் துடித்தன.

உண்மையாகவே ஒன்று பழுதென்றால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம், அதே வகைச் சாமானும் அதே பிளக்கும் கிடைத்தால். துளை அளவைப் பார்த்து வாங்குங்கள். 22 மில்லிமீற்றர் பரவலாக இருக்கிறது, வேறு அளவும் உண்டு. பம்பர் நிறத்துக்குப் பெயின்ற் வேணுமென்றால் மெல்லிசாக விசிறி அடிக்க வேணும், பிரஷ்ஷால் தடிப்பாகப் பூசினால் முகம் அதிராது. சேர்விஸ் ஸ்ரேசனில் தண்ணீரைப் பீச்சுகிறவரிடம் அந்த நாலு இடத்துக்கும் கிட்டப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி அந்த வாசகருக்கு. எங்கள் வளவில் கட்டில்லாத பழைய கிணறு ஒன்று இருக்கிறது. அதை நோக்கிப் பின்னுக்குப் போனால் சென்சர் மூச்சே விடாது, பள்ளத்தில் பட்டுத் திரும்ப ஒன்றுமில்லையே. முட்கம்பியையும் மெல்லிய கட்டையையும் பல நேரம் தவறவிடும். ஆகவே கழுத்தைத் திருப்பத்தான் வேணும். ஆனால் கழுத்துக்குத் தெரியாத இடம் ஒன்று உண்டு, பம்பரோடு ஒட்டின கீழ்ப்பக்கம். பாடசாலை விட்ட நேரம் ஒருநாள் சென்சர் கத்தி, கண்ணாடியிலும் ஒன்றும் தெரியாமல், சினந்துகொண்டு இறங்கினேன். தரம் 2 பிள்ளை ஒன்று குந்தியிருந்து சப்பாத்து வார் கட்டிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் புதுக் கார்களுக்கு 2018 மே மாதத்தில் இருந்து பின்பக்கக் கமராவைக் கட்டாயமாக்கியதும் அந்த மறைவிடத்துக்காகத்தான்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, வாகனத் தொழில்நுட்பம் படிப்பிக்கிறார்கள். ஏற்கெனவே கராச்சில் வேலை செய்கிற பொடியளுக்கு, கூலியை இழக்காமல் வந்து போகக்கூடியதாக, வயரிங் பிழை தேடுவதற்கென்று ஒரு குறுகிய ஞாயிறு வகுப்பு வைத்தால் முல்லைத்தீவில் இருந்தும் போவார்கள். கராச்காரரிடமும் ஒரு வேண்டுகோள்: எதைச் சோதித்து எதை மாற்றினீர்கள் என்று பில்லில் இரண்டு வரி எழுதுங்கள், கழற்றினதைக் கேளாமலே கையில் கொடுங்கள்.

என்னுடைய பழசு நாலும் அதே பையில்தான் கிடக்கின்றன. சென்சர் ஒன்று தேவைப்படுகிறவர்கள், தங்களுடையதில் விரலை வைத்துப் பார்த்த பிறகு, முள்ளியவளைப் பக்கம் வரலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
முள்ளியவளை.