எல்க் வேட்டைக்கு மேக்னம் மட்டும் பத்தாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

அமெரிக்காவுல எல்க்ங்குற பெரிய மான் வேட்டை பத்தி உங்க ஞாயிறு இணைப்புல வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நடுவுல பெரிய மேக்னம் ரைஃபிள் (மருந்து கூடப் போட்டு குண்ட வேகமா விடுறது) இருந்தா போதும்ங்குற மாதிரி ஒரு வரி வருது பாருங்க, அதைப் படிச்சுட்டு சும்மா இருக்க முடியல. நான் கொலராடோவுல இருக்கேன், லைசென்ஸ் எடுத்து வேட்டைக்கு போற ஆளு. கடைசியில மிருகத்து மேல படுறது அந்த குண்டு மட்டும்தானே, அதைப் பத்தி கட்டுரையில ஒரு வார்த்தை கூட இல்ல.

வளந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். தோல் தடி, முன்சப்பை எலும்பும் கனம். மெல்லிசான செப்பு உறைக்குள்ள ஈயம் வச்ச சாதாரண மான் குண்டு, கிட்டத்துல இருந்து அதிவேகத்துல போய் அந்த எலும்புல பட்டா நுரையீரல் வரைக்கும் போறதுக்குள்ளயே சிதறிடும், வெளிய காயம் பெருசா தெரியும், ஆனா மிருகம் ஓடிப்போய் எங்கயோ கிடந்து துடிச்சு சாகும். மேக்னம்ல வேகம் கூட, அப்போ இந்த சிக்கலும் கூடத்தானே செய்யும்?

ஜான் நாஸ்லர்ங்குற அமெரிக்க வேட்டைக்காரர் 1940கள்ல கனடாவுல மூஸ்ங்குற இன்னும் பெரிய மான் வேட்டைக்குப் போய் இதே தொல்லைய பட்டுட்டுதான் பார்ட்டிஷன் குண்டையே செஞ்சாரு. நடுவுல ஒரு செப்புத் தடுப்பு இருக்கும், முன்பாதி விரியும், பின்பாதி கலையாம உள்ள போய்க்கிட்டே இருக்கும். இன்னைக்கும் .30-06ங்குற மேக்னம் இல்லாத சாதாரண ரைஃபிள்ல 180 கிரெயின் (கிரெயின்னா குண்டோட எடை அளவு) பார்ட்டிஷன் போட்டா எல்க்குக்கு தாராளம், தோள் வலியும் மேக்னம் அளவுக்கு இல்ல. உதைக்குப் பயந்து கண்ண மூடிக்கிட்டு ட்ரிகர இழுக்குறவங்கள ரேஞ்சுல (சுட்டுப் பழகுற இடம்) நிறைய பாத்திருக்கேன்.

என் ஓட்டு ஈயமே இல்லாத முழு செப்பு குண்டுக்கு. ஒரு எல்க்க தோலுரிக்கும்போது எதிர்ப்பக்கத் தோலுக்கு அடியில குண்டு கெடச்சுச்சு, முனை நாலு இதழா பின்னாடி மடங்கியிருக்கு, அடிப்பாகத்துல பேரல் போட்ட கோடு கூட அப்படியே இருக்கு, எடை பெருசா குறையவே இல்ல. ஆனா ஒண்ணு, செப்பு விரியணும்னா வேகம் வேணும், ரொம்ப தூரத்துல வேகம் செத்துப்போனா பென்சில் குத்துன மாதிரி துளை போட்டுட்டு போயிடும். எடை குறைஞ்சா வேகம் கூடும், அதனால எடைய ஒரு படி குறைச்சு, 180க்கு பதிலா 165 கிரெயின் எடுக்குறது நல்லது. இன்னொரு லாபம், இறைச்சியில ஈயத்தூள் கலக்காது, விட்டுட்டு வர்ற குடலைத் தின்னுற கழுகுக்கும் விஷம் ஏறாது. கலிபோர்னியாவுல 2019 ஜூலையில இருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது, கொலராடோவுல அந்தத் தடை இல்ல.

இங்க சட்டப்படி எல்க்குக்கு குறைஞ்சது .24 காலிபர் (குண்டோட விட்டம், அங்குலத்துல), 85 கிரெயின் எடை, அதுவும் விரியுற குண்டா இருக்கணும். .243ங்குற சின்ன ரைஃபிள் இதுல பாஸ் ஆகிடும்தான், ஆனா புதுசா வர்றவங்க கையில நான் அதைக் கொடுக்க மாட்டேன், இடம் கொஞ்சம் தப்புனாலும் அதுல சமாளிக்க முடியாது. டார்கெட் சுடுற மேட்ச் குண்டும் வேணாம், பேப்பர்ல அழகா ஒரே இடத்துல பக்கம் பக்கமா படும், எலும்புல என்ன பண்ணும்னு நம்ப முடியாது.

எந்த குண்டு வாங்குனாலும் சீசனுக்கு முன்னாடியே ரேஞ்சுக்கு போய் ஸ்கோப்ப (குறி பாக்குற தொலைநோக்கி) திரும்ப செட் பண்ணணும், பிராண்டு மாறுனாலே 100 கஜத்துல படுற இடம் மாறிடும். அடுத்த தடவ வேட்டை பத்தி போடும்போது இதையும் சேத்துப் போடுங்க சார்.

இப்படிக்கு,
கொலராடோ வாசகர்