சைக்கிளுக்கு மாறலாம், எங்கே நிறுத்துவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலைக்குப் போகிறவர்கள் காரை விட்டுவிட்டுச் சைக்கிளுக்கு மாற வேண்டும் என்று உங்கள் இதழில் எழுதியிருந்தீர்கள். சைக்கிளில் போய்வருகிறவள் என்பதால் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் வேளச்சேரியில் இருப்பவரை அம்பத்தூர் எஸ்டேட் வரை மிதிக்கச் சொன்னால், "நல்ல விஷயம்தான்" என்று தலையாட்டிவிட்டுக் கார் சாவியைத்தான் எடுப்பார். அவரிடம் கேட்க வேண்டியது, ரயில் ஸ்டேஷன் வரைக்கும் உள்ள இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு எதற்குக் கார் என்பதைத்தான். மெதுவாக மிதித்தாலும் கால் மணி நேரத்தில் போய்விடலாம். சென்னையில் மேடு கிடையாது (பள்ளம் உண்டு), கியர் வைத்த வண்டிகூட வேண்டாம். வேர்க்குமே என்பார்கள். வேர்க்கும்தான். பையில் ஒரு மாற்றுச் சட்டை இருந்தால் போதும். மே மாத வெயிலில் மிதிக்க முடியவில்லையா, சரி, அந்த ஒரு மாதத்தை விட்டுவிடுங்கள்.

உண்மையான தொல்லை சாலையின் இடது ஓரம். மேலே மேலே தார் போட்டதில் வடிகால் மூடிகள் நாலு விரல் கீழே போய்விட்டன. அதில் சக்கரம் இறங்காமல் இருக்க வலப்பக்கம் ஒடித்தால், முதுகுக்குப் பின்னால் பஸ் ஹாரன். மழைக்காலத்தில் அந்த மூடி இருக்கும் இடமே தெரியாது. பத்தாததற்கு, ஓரமாக நிற்கும் காரின் கதவு எப்போது திறக்கும் என்று வேறு பார்த்துக்கொண்டே போக வேண்டும். பயந்து ஒதுங்குகிறவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

போக்குவரத்துக்கு ஒதுக்கும் நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் என்று சென்னை மாநகராட்சி 2014-லேயே கொள்கை வகுத்தது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது, நடக்க நன்றாகவே இருக்கிறது. சைக்கிளுக்கு அந்த அளவில் ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

அலுவலகங்களும் மனசு வைக்க வேண்டும். நான் வேலை பார்க்கும் கட்டடத்தில் கார்களுக்குத் தரைக்குக் கீழே இரண்டு தளம் இருக்கிறது. சைக்கிளைத் தூணோரம் பூட்டினால், "மேடம், இங்க வைக்காதீங்க" என்று காவலாளி ஓடிவருகிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வேறு எங்கே வைப்பது என்று அவருக்கும் யாரும் சொல்லவில்லை. நிழலில் ஒரு ஸ்டாண்டும், முகம் கழுவ ஓர் இடமும் கேட்டால் பெரிய செலவா?

கௌரவம் பார்ப்பவர்களுக்கு ஒன்று. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைநிமிர்வைக் கொடுத்த வண்டி, நமக்கு எப்படிக் கௌரவக் குறைச்சல் ஆனது?

அடுத்து எழுதும்போது, ஸ்டேஷன்களில் சைக்கிள் நிறுத்த என்ன வசதி இருக்கிறது என்று ஒரு நிருபரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் அவர் சைக்கிளிலேயே போகட்டும்.

இப்படிக்கு,
வாசகி, நங்கநல்லூர், சென்னை